கத்ரியில் நீ சொல்லாமல் விட்டது

அன்புள்ள ராசா,

நீ போன் செய்து இரண்டு மாதமாகிறது. மாமாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. வேலை விஷயமாகக் கோமதி ஏதோ சொன்னாள், அதை நான் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு. தெருவில் இன்றைக்கும் பிள்ளைகளுக்கு உன்னைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அதற்காகப் பெற்றவளின் போனை எடுக்காமல் இருக்கலாமா?

ஓக்லஹோமாவில், கத்ரியில், ஒரு கல்லறை காட்டினாயே, ரயில் கொள்ளைக்காரன் எல்மர் மெக்கர்டி, அவன் நினைப்பாகவே இருக்கிறது. 1911இல் ரயில் பெட்டகத்துக்கு வெடிமருந்தை அதிகமாக வைத்து, வெள்ளிக்காசெல்லாம் உருகி ஒட்டிக்கொண்டது என்று சொல்லிச் சிரித்தாய். அடுத்து 4 லட்சம் டாலர் வருகிறதென்று தப்பான ரயிலை மறித்து 46 டாலரோடு போனானாம். மூன்றாம் நாள் வைக்கோல் கொட்டகையில் சுட்டுக்கொன்றார்கள். பிணத்தைக் கேட்டு யாருமே வரவில்லை. பதப்படுத்தியவரே நிற்கவைத்துக் காசுக்குக் காட்டினார். 1916இல் கூடப்பிறந்தவர்கள் என்று சொல்லி வாங்கிப்போனவர்களும் பொருட்காட்சிக்காரர்கள்தான். உயிரோடு இருந்தபோது அவனை யார் சீண்டினார்கள்? செத்த பிறகு ஊர் ஊராகக் கூட்டம். 1976இல் கலிபோர்னியாவில் பொம்மையென்று தொங்கவிட்டிருந்ததை டிவி படப்பிடிப்பு ஆட்கள் நகர்த்த, கை உடைந்து எலும்பு தெரிந்தது. மறு வருஷம்தான் புதைத்தார்கள்.

இவ்வளவு சொன்ன நீ அவன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் நானே தேடிப் படித்தேன். கல்யாணமாகாத 17 வயதுப் பெண். அண்ணன் வீட்டுப் பிள்ளையாக வளரவிட்டாள். அண்ணன் செத்த பிறகுதான் பெற்றவள் நான் என்று சொன்னாளாம். நீ அதைப் படிக்காமலா இருந்திருப்பாய்?

மாமா பிள்ளைகளைப் பார்த்து நீயும் என்னை அத்தை என்றாய். நான் திருத்தவில்லை. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண் "உங்க பையனா?" என்றபோது "அண்ணன் மகன்" என்றேன். உன் அப்பா விஷயம் ஊரெல்லாம் பேச்சாயிருந்த நேரம், வாய் கூசியது. என் முந்தானையைப் பிடித்திருந்த கையை நீ எடுத்துக்கொண்டாய். ஆறு வயது. மறந்திருப்பாய் என்று இத்தனை வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். தப்பு என்னுடையது, ராசா.

வேலை போயிருந்தால் போகட்டும். மாடி அறையைக் கழுவி வைத்திருக்கிறேன். டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, ராத்திரி எந்நேரமானாலும் பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா