பெருக்கல் குறி போட்ட பேர்

அன்புள்ள ஜெபா,

உன் மெயில் வந்து பத்து நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். அவர்கள் நம் பேச்சைக் கேட்கிற ஆளில்லை, தெரியும்.

உன் மகன் பேண்ட் ஆரம்பித்திருக்கிறான் என்பதைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். "இது கிறிஸ்தவ பேண்டா, சாதா பேண்டா, ரெண்டுல ஒண்ணச் சொல்லு" என்று சபைக் கமிட்டியில் கேட்டார்களாமே! வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் நீ டிரம்ஸ் அடித்த அன்று நம்மையும் இதைத்தான் கேட்டார்கள். நீ வாசித்தது கீர்த்தனைதான். ஆனால் கை கொஞ்சம் வேகமாக ஓடிவிட்டது. மறு வாரம் டிரம்ஸ் குடோனுக்குப் போய்விட்டது.

இந்தக் கேள்வியோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தின ஒரு பேண்ட் நான் இருக்கிற பக்கத்திலேயே இருக்கிறது. எம்எக்ஸ்பிஎக்ஸ் (MxPx) என்று பேர். போன சனிக்கிழமை அவர்கள் ஊருக்குப் போய் வந்தேன். சியாட்டிலில் ஃபெர்ரி ஏறினால் ஒரு மணி நேரம், பிரெமர்ட்டன். இறங்கும்போதே கடற்படைக் கப்பல் பட்டறை கண்ணில் படும். சாம்பல் நிறத்தில் போர்க்கப்பல்கள், கிரேன்கள். 1891இல் தொடங்கிய பட்டறை. ஊரே அதை வைத்துத்தான் பிழைக்கிறது. பாட்டுக்குப் பேர்போன ஊர் என்று பார்த்தால் சொல்லவே மாட்டாய்.

அங்கே 1992இல் பள்ளிக்கூடப் பையன்கள் மூன்று பேர் சேர்ந்தார்கள். பாஸ் கிட்டாரும் பாட்டும் மைக் ஹெர்ரேரா, அப்போது வயது பதினைந்து. டிரம்ஸ் யூரி ரூலி. கிட்டார் ஆண்டி ஹஸ்டெட். கட்டம் போட்ட சட்டை மேல் இருந்த ஆசையில் 'மேக்னிஃபைட் பிளெய்ட்' என்று பேர் வைத்தார்கள். போஸ்டரில் எழுத நீளமாக இருக்கிறது என்று எம்.பி. (M.P.) ஆக்கினார்கள். யூரியின் கையெழுத்தில் புள்ளியெல்லாம் பெருக்கல் குறி மாதிரி விழுந்தது. அதையே பேராக வைத்துக்கொண்டார்கள். அர்த்தம் தேடித் தேடிப் பேர் வைக்கிற நமக்கு இது ஒரு பாடம்தான். நாம் மூன்று மாதம் பேருக்காகவே சண்டை போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா?

அடுத்த வருஷம் பிராண்டன் ஈபெல் என்பவர் 'டூத் அண்ட் நெயில்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார். பல்லும் நகமும்! கேட்டால் பேய்க்கதை மாதிரி இருக்கிறது, ஆனால் விசுவாசமுள்ள பையன்களின் ராக் இசையையும், அதிலேயே வேகமும் முரட்டுத்தனமும் கூடின பங்க் இசையையும் வெளியிட்ட கம்பெனி அது. இவர்களின் முதல் ஆல்பம் 1994இல் அங்கேதான் வந்தது. 1995இல் ஆண்டிக்குப் பதில் டாம் விஸ்னியூஸ்கி வந்தார். அன்றிலிருந்து இந்த மூவர்தான் பேண்டின் உயிர்நாடி.

கிறிஸ்தவ முத்திரை அவர்கள் மேல் எப்படி விழுந்தது என்பதுதான் நீ கவனிக்க வேண்டிய இடம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. பைபிள், வாழ்த்து அட்டை, சுவரில் மாட்டுகிற வசனம், பக்கத்திலேயே கேசட்டும் சிடியும். சில கடைகளில் ஒரு அட்டவணை தொங்கும்: உன் பிள்ளை இன்ன உலகப் பாட்டுக்காரனைக் கேட்கிறானா, அதற்குப் பதில் இந்தக் கிறிஸ்தவ பேண்டை வாங்கிக் கொடு என்று. டூத் அண்ட் நெயில் ஆல்பங்கள் அந்த அலமாரிக்கும் போயின. மைக்கின் பாட்டிலோ பெரும்பாலும் பெண்கள், நண்பர்கள், வளர்வதன் குழப்பம், சொந்த ஊர். 1996இல் வந்த 'லைஃப் இன் ஜெனரல்' ஆல்பத்தில் ஒரு பெண்ணைத் தன் ஊருக்கே குடிவரச் சொல்லி ஒரு பாட்டு இருக்கிறது. யோசித்துப் பார், கப்பல் பட்டறை ஊருக்கு! எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நல்ல வேகத்தில் ஓடும், ஆனால் உள்ளே ஒரு ஏக்கம் இருக்கும்.

ஆக, பாட்டுக்கு முத்திரை குத்துகிறவன் பாட்டுக்காரன் இல்லை, அதை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாத கடைக்காரன். உங்கள் கமிட்டியிடம் இதைச் சொல்லிவிடாதே, என் பேர் கெடும்.

அப்புறம் பெரிய கம்பெனிக்குப் போனார்கள். 1998இல் ஏ அண்ட் எம் வெளியிட்ட ஆல்பம் தங்கச் சான்றிதழ் வாங்கியது. அமெரிக்காவில் அதற்கு ஐந்து லட்சம் பிரதி கணக்கு. 2000இல் வந்த அடுத்த ஆல்பத்தைத் தயாரித்தவர் ஜெர்ரி ஃபின், பிளிங்க்-182 பேண்டை உச்சிக்குக் கொண்டுபோன அதே ஆள். இல்லினாயில் அப்போது நடந்த கார்னர்ஸ்டோன் என்ற கிறிஸ்தவ இசை விழாவிலும் வாசித்தார்கள், அந்த நாளில் ஊர் ஊராகப் போன வார்ப்ட் டூர் என்ற பங்க் விழா மேடையிலும் வாசித்தார்கள். பக்திமான்களுக்கு இவர்கள் பக்தி போதாது, பங்க் கூட்டத்துக்கோ இவர்களுக்குப் பக்தி அதிகம். இந்த இரண்டு பக்க இடியை நீயும் நானும் கொஞ்சமாவது வாங்கியிருக்கிறோம்.

பெரிய கம்பெனிக் காலம் நீடிக்கவில்லை. சின்ன லேபிளுக்கு, அதாவது சின்ன இசைக் கம்பெனிக்கு வந்தார்கள், 2007இல் பழைய பல்லும் நகமும் வீட்டுக்கே ஒருமுறை திரும்பினார்கள், பிறகு 2012இல் சொந்த லேபிளில் ஆல்பம் போட்டார்கள். நடுவில் டாமும் யூரியும் குடும்பம், வேலை என்று ஊரோடு இருந்துவிட, மைக் வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் சுற்றினார். ஆனாலும் பேண்டைக் கலைக்கவில்லை. 2018 ஆல்பத்துக்கு ரசிகர்களே முன்பணம் கட்டினார்கள். 2023இல் இன்னொன்றும் வந்துவிட்டது. டிரம்ஸில் இன்னும் யூரிதான்.

ஒன்று சொல்ல மறந்தேன். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே ஜெபம் செய்த ஃபுட்பால் கோச்சின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2022இல் அவர் பக்கம் தீர்ப்பானதே, அதுவும் இதே பிரெமர்ட்டன்தான். சின்ன ஊர், விசுவாசத்தை எங்கே வைப்பது என்ற தகராறு மட்டும் பெரிசு.

திரும்புகிற ஃபெர்ரியில் மேல்தளத்தில் நின்று, ஊருக்குக் குடிவரச் சொல்கிற அந்தப் பாட்டை இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். குளிரில் காது விறைத்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் கம்பியில் தாளம் போட்டிருப்பாய்.

மகன் பாட்டை போனிலேயே பதிவு பண்ணி அனுப்பச் சொல். சத்தம் இரைச்சலாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த டிரம்ஸ் இன்னும் குடோனில்தான் கிடக்கிறதா? தோல் கிழிந்திருந்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுது, நான் அனுப்புகிறேன். கமிட்டிக்குத் தெரிய வேண்டாம்.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு.

உன்,
தாசன்