கிலோக் கணக்கையும் வர்த்தமானியில் போடுங்கள்: சம்பள நிர்ணய சபைக்கு ஒரு திறந்த மடல்

தேயிலைத் தொழிலுக்கான சம்பள நிர்ணய சபையின் அங்கத்தவர்களுக்கு,

வணக்கம்.

தோட்டத் தொழிலாளரின் ஆகக்குறைந்த கூலியைத் தீர்மானிக்கும் உங்கள் மேசையில் மூன்று தரப்பு உட்காருகிறது. கம்பனிக்காரர், தொழிற்சங்கக்காரர், அரசாங்கம் நியமித்தவர்கள். மூவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மலையகப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்தெடுத்தவர்.

போன தவணையில் ஆகக்குறைந்த கூலி பற்றிய பாடம் வந்தது. கேள்வி வளையி, நிரம்பல் வளையி, நடுவில் சமநிலை. அதற்கு மேலே சட்டம் ஒரு கோடு போட்டால் வேலையில்லாதோர் கூடுவர் என்று கரும்பலகையில் கீறிக் காட்டினேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள். "சேர், இந்தப் படத்துல வேலைக்கு ஆள் எடுக்கிறவங்க நெறைய பேர் இருக்காங்க. நம்ம தோட்டத்துல ஒரே ஒரு துரைதானே இருக்காரு?"

அவள் கேட்டதற்குப் பாடப்புத்தகத்தில் வேறு அத்தியாயம் இருக்கிறது. உழைப்பை வாங்குபவர் ஒருவரே என்றால், சட்டம் கூலியை ஓரளவு உயர்த்தினாலும் வேலை குறைந்தே தீரும் என்பதில்லை. இதைச் சொல்வதற்கு மார்க்சியவாதியாக இருக்க வேண்டியதும் இல்லை. கூலியை ஏற்றாமல் வைத்திருக்க முதலாளிமார் சத்தமில்லாமல் எப்போதும் கூடியே இருக்கிறார்கள் என்று 1776இலேயே எழுதியவர் ஆதம் ஸ்மித். சந்தையே கூலியைத் தீர்மானிக்கட்டும் என்று சொல்லும் கம்பனித் தரப்பு அந்தப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டலாம். தோட்டத்தில் வேலையை விட்டால், தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயக் காம்பராவும் கேள்விக்குறி. கோழிக்கூட்டின் கதவைச் சாத்திவிட்டு, கோழி விரும்பித்தான் உள்ளே இருக்கிறது என்று சொல்வது என்ன கணக்கு?

ஆனால் இந்த மடலில் நான் பேச வந்தது தராசைப் பற்றி.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் தேத்தண்ணிப் போத்தலோடு மலைக்குப் போவேன். அந்தி நிறுவைக்கு அம்மா வரிசையில் நிற்பார். தராசு முள் ஒன்பதில் நிற்கும், கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் ஏழு என்று விழும். படங்குக்கும் கொழுந்தில் உள்ள தண்ணிக்கும் என்று ரெண்டு கிலோ கழிவு. மழையில்லாத மாசியிலும் அதே தண்ணிக் கழிவுதான். ஒருநாள் எல்லாம் கூட்டிப் பார்த்தால் பதினேழு. அன்று எடுக்க வேண்டிய கணக்கு பதினெட்டு. அரைப்பேர் போட்டார்கள், அதாவது அரைநாள் கூலிதான். அம்மா ஒன்றும் பேசவில்லை. போத்தலை வாங்கிக் கடகடவென்று குடித்துவிட்டுத் தலைக்கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டார். ஒரு கிலோ குறைந்ததற்கு அரைநாள் கூலி போனதைப் பன்னிரண்டு வயதில் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. பொருளியல் படித்த பிறகும் விளங்கவில்லை.

இப்போது உங்கள் தீர்மானங்களுக்கு வருவோம். 2016இல், கம்பனிகளும் சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய். 2019இல் 700. கூட்டு ஒப்பந்தத்தில் ஆயிரம் கிடைக்காமல் விவகாரம் உங்கள் சபைக்கு வந்து, 2021 மார்ச்சில் 900உம் 100உமாக ஆயிரம் ஆனது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. தலைவர்கள் மாலை போட்டுக்கொண்டார்கள், வெடியும் போட்டார்கள். அடுத்த மாதமே பல தோட்டங்களில் நாளுக்கு எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள்.

16 கிலோ கேட்ட ஒரு தோட்டம் 20 கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 கிலோவுக்கு 700 என்றால் கிலோ 43 ரூபாய் 75 சதம். 20 கிலோவுக்கு 1000 என்றால் கிலோ 50. நாட்சம்பளம் நூற்றுக்கு 43 ஏறியது, கொழுந்தின் கூலி ஏறியது நூற்றுக்கு 14. இருபது எடுக்க முடியாதவருக்கு அரைப்பேர், அதாவது 500. பழைய 700ஐவிடக் குறைவு.

1865இல் லண்டனில், பல நாட்டுத் தொழிலாளர் அமைப்பான அகிலத்தின் பொதுச்சபையில் வெஸ்டன் என்ற தோழர், கூலியைக் கூட்டினால் விலைவாசிதான் ஏறும், சங்கம் கட்டிப் பயனில்லை என்று வாதிட்டார். இன்று கம்பனித் தரப்பு சொல்வதை அன்று சொன்னவர் ஒரு தொழிலாளர் தரப்புக்காரர்! கூலி உயர்வு விலையில் அல்ல, லாபத்தில்தான் கைவைக்கும் என்று மார்க்ஸ் பதில் சொன்னார். அதே உரையில், வேலைப் பளு கூடினால் கூலி ஏறியும் உழைப்பின் பெறுமதி இறங்கியிருக்கலாம் என்றும் விளக்கினார். சங்க அலுவலகச் சுவரில் அவர் படத்தை மாட்டியிருக்கும் தலைவர்களே, அந்தப் பகுதிக்கு மேடையில் ஏன் இடமில்லை? 'ஆயிரம்' கோஷமாகும். 'கிலோவுக்கு ஐம்பது' கோஷமாகாது. மாதாமாதம் சந்தாவைத் தோட்ட நிர்வாகமே சம்பளத்தில் பிடித்து அனுப்பிவந்தபோது, மலையில் எத்தனை கிலோ கேட்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். அடுத்த வருடம்தான் உங்கள் சபைக்கான கட்டளைச்சட்டம் வந்தது. அப்போது சங்கத்துக்காரர் மலை ஏறித்தான் ஆள் சேர்த்தார்கள்.

கம்பனித் தரப்பு உற்பத்தித்திறனைச் சொல்லும். கென்யாவில் ஒருவர் இங்குள்ளவரைவிட அதிகம் பறிக்கிறார், இங்கே செலவில் பாதிக்கு மேல் கூலிக்கே போகிறது. உண்மைதான். ஆனால் தாத்தா காலத்துச் செடியைப் பிடுங்கி மறுநடுகை செய்வது யார் பொறுப்பு? கம்பனிக்காரரே, 1992இல் தோட்ட நிர்வாகத்தைக் கையேற்றது நீங்கள். கிழட்டுச் செடியும் காடு மண்டிய மலையும் கொழுந்தெடுப்பவளுக்குக் கொடுத்துவிட்டு அவளுடைய விரலைக் குறை சொல்லாதீர்கள்.

நெருக்கடியையும் சொல்லாமல் விட முடியாது. 2019 வரிக்குறைப்பு, காசு அச்சடிப்பு, 2021 உரத்தடை, 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்ற அறிவிப்பு. இதில் சந்தைவாதிகள் அரசைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் சரி. எல்லாவற்றுக்கும் 'முதலாளித்துவ நெருக்கடி' என்று ஒரே முத்திரை குத்திய எங்கள் பக்கத்துத் துண்டுப்பிரசுரங்கள் உரத்தடையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் நட்டம் யார் தலையில் விழுந்தது என்று கேட்டால் மார்க்ஸ் பக்கம் திரும்பத்தான் வேண்டியிருக்கிறது. ஆயிரம் ரூபாய் 2021இல் சுமார் ஐந்து டொலர், 2022 நடுவில் மூன்று டொலருக்கும் குறைவு. அதே இரண்டு வருடத்தில் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை கிலோ 600 சொச்சத்திலிருந்து 1200க்கு மேல் போனது. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலை. கொழுந்தெடுப்பவளுடைய 18 கிலோ, நாலு கிலோ தேயிலை. உரம், டீசல், மின்சாரம் எல்லாம் ஏறியதை ஒப்புக்கொள்கிறேன், விளைச்சல் விழுந்ததும் தெரியும். ஆனால் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்ட அந்த 2022 செப்டெம்பரிலும் அவள் கூலி மட்டும் அதே ஆயிரத்தில் நின்றது. 2024 வரைக்கும் நின்றது. 2023 கடன் மறுசீரமைப்பில் வங்கிகள் வைத்திருந்த அரசின் கடன் முறிகளைத் தொடாமல் விட்டு, ஊழியர் சேமலாப நிதியின் முறிகளை மாற்றினார்கள். அதிலும் அவள் காசு இருந்தது.

2024 மே தினத்தில் 1700 என்றார்கள். நீதிமன்றத்துக்குப் போய்த் திரும்பி 1350இல் நின்றது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் 1750 என்றார்கள். அதில் 200 ரூபாய், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் கொடுப்பது. தனியார் கம்பனியின் கூலியில் ஒரு பங்கை வரிப்பணத்தில் கட்டுவதை எந்தச் சந்தைவாதியும் ஏற்கமாட்டார், எந்த மார்க்சியவாதியும் ஏற்கக்கூடாது. இருந்தாலும் இரண்டு தரப்பும் கைதட்டிற்று. அம்மாவுக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அடுத்த வீட்டு அக்காவைப் பார்த்து முதலில் அவர் கேட்டது, "எத்தன கிலோவாம்?"

அடுத்த முறை ரூபாயை எழுதும்போது நாளுக்கான கிலோவுக்கும் ஒரு மேல்வரம்பு எழுதுங்கள். கொழுந்து குறைந்த காலத்துக்கும் வரட்சிக்கும் தனியாக. குறைந்த கிலோவுக்குக் கிலோ அளவிலேயே கூலி குறையட்டும், அரைப்பேர் என்பதே இருக்கக்கூடாது. கழிவு எத்தனை கிராம், யார் தீர்மானிப்பது என்பதும் வரட்டும். நிறுவையின்போது தொழிலாளி பக்கத்திலிருந்து ஒருவர் நின்று முள்ளைப் பார்க்கட்டும்.

உங்கள் தீர்மானத்துக்கு ஆட்சேபணை அனுப்ப வர்த்தமானியில் நாள் குறிப்பீர்கள். அந்தத் திகதிக்குள் இதே கோரிக்கையைப் பதிவுத் தபாலிலும் அனுப்புகிறேன். வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தங்கள் தோட்டத்துக் கிலோக் கணக்கை எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதையும் இணைக்கிறேன்.

இப்படிக்கு,
கொழுந்தெடுத்த ஒருவரின் மகன்