பூண்டை அவசரப்படுத்தலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வெளியான சுட்ட பூண்டு சூப் குறிப்பில், உரித்த பற்களை வாணலியில் ஐந்து நிமிடம் புரட்டினால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சூப் ஆகலாம். சுட்ட பூண்டு ஆகாது. முழுப் பூண்டின் தலையைச் சீவி, எண்ணெய் தடவி, அலுமினியத் தாளில் பொதிந்து, 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் 40 நிமிடமாவது விட வேண்டும். காரத்தை உண்டாக்கும் நொதி சூட்டில் செயலிழந்து, இனிப்பு மேலெழும். பிதுக்கினால் பல் வெண்ணெயாக வழிய வேண்டும்.

மைதா கரைத்து ஊற்றுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. வெங்காயத்தோடு ஓர் உருளைக்கிழங்கை வேகவைத்து அரைத்தாலே கெட்டிப்படும். பூண்டின் ருசியும் மழுங்காது. கிரீமை அடுப்பை அணைத்த பிறகு சேர்த்தால் போதும். கொதிக்கும் சூப்பை மிக்ஸியில் இறுக மூடி அரைத்தால் ஆவி மூடியைத் தூக்கியடிக்கும். இதைச் சொல்ல இடமில்லை; மேலே தூவும் இலைக்கு மட்டும் ஒரு பத்தியே இருந்தது!

இவையெல்லாம் ருசி விவகாரம். ஆனால், மிஞ்சிய பூண்டை எண்ணெயில் மூழ்கடித்து அலமாரியில் வைக்கலாம் என்ற கடைசி வரி ஆபத்தானது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து கொடிய நச்சை உண்டாக்கக்கூடும். வாடையோ நிறமோ காட்டிக்கொடுக்காது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 4 நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உறையவைக்க வேண்டும். அந்த ஒரு வரிக்காவது அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சமையல் பக்கத்தை முதலில் திருப்பும் வாசகி