விழப்போகும் பல்தானே என்று விட்டுவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், தளர்நடை போடும் குழந்தை தடுக்கி விழுந்து மேல்வரிசை முன்பல்லின் ஓரம் உடைந்துவிட்டதாக ஒரு தாய் கேட்டிருந்த கேள்விக்கு, ‘பால் பல்தான், ஆறேழு வயதில் எப்படியும் விழுந்துவிடும், கவலை வேண்டாம்’ என்ற அளவில் பதில் தரப்பட்டிருந்தது. அதே பக்கத்தில் கட்டம் கட்டி வெளியான முதலுதவிக் குறிப்போ, அடிபட்டு விழுந்த பல்லை உடனே அதன் குழியிலேயே பொருத்த வேண்டும் என்று, வயது எதையும் குறிப்பிடாமல் சொல்கிறது. முதலாவது பதில் பாதி மட்டுமே உண்மை; இரண்டாவது, சிறு குழந்தையைப் பொறுத்தவரை தவறு. குழந்தைகளின் பல் மருத்துவத்தில் இருப்பவள் என்ற முறையில் இரண்டைப் பற்றியும் எழுத வேண்டியதாயிற்று.

பதறிப்போயிருக்கும் தாய்க்கு ஆறுதல் சொல்ல நினைத்ததில் குறையில்லை. நடக்கப் பழகும் ஒன்று முதல் மூன்று வயதுக்குள் முன்பல்லில் அடிபடுவது மிகச் சாதாரணம்; பெரும்பாலும் ஓரத்தில் ஒரு சிறு சில்லு பெயர்ந்திருக்கும், அவ்வளவே. ஆனால் அது அவ்வளவுதானா என்பதைப் பல்லின் வயதை வைத்துத் தீர்மானிக்க முடியாது, உடைந்த இடத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். அப்படிப் பார்ப்பதற்குச் சிறப்புப் பயிற்சி எதுவும் தேவையில்லை. வாயைச் சுத்தமான நீரால் துடைத்து, இரத்தம் கசிந்தால் ஈரத்துணியைப் பத்து நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்து, அழுகை சற்று அடங்கியதும் மேலுதட்டைத் தூக்கி நல்ல வெளிச்சத்தில் நோக்கினால் போதும்.

உடைந்த விளிம்பு பல்லின் மற்றப் பகுதியைப் போலவே வெள்ளையாக இருந்தால், போனது பல்லின் மேலுறையான எனாமல் மட்டுமே. வலி இராது, கூரான விளிம்பு நாக்கையோ உதட்டையோ கிழிக்காதபடி மருத்துவர் அதைத் தேய்த்து மழுக்கிவிட்டால் வேலை முடிந்தது. உடைப்பின் நடுவே மஞ்சள் நிறம் தெரிந்தால், எனாமலுக்கு அடியிலுள்ள தந்தினி வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். குளிர்ச்சியும் இனிப்பும் அங்கே கூச்சத்தை உண்டாக்கும். இரண்டு வயதுக் குழந்தை கூசுகிறது என்று சொல்லாது. கரண்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், முன்பல்லால் கடிக்க மறுக்கும், ஒரு பக்கமாகவே குடிக்கும், பெற்றோரும் அதை அடம் என்று எண்ணிக்கொள்வார்கள். இத்தகைய பல்லைச் சில நாட்களுக்குள் சிமென்ட்டாலோ பல்நிறப் பூச்சாலோ மூடிவிட வேண்டும். நடுவே சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால், அல்லது ஈறிலிருந்து அல்லாமல் பல்லின் உள்ளிருந்தே இரத்தம் கசிந்தால், நரம்பு என்று பொதுவாக நாம் சொல்லும் பற்கூழ் திறந்துவிட்டது. பால் பல்லின் எனாமல் மெல்லியது, பற்கூழோ பல்லின் அளவுக்குப் பெரியது. ஆகவே பெரியவர்களின் பல்லில் ஒன்றுமில்லாமல் போயிருக்கும் உடைப்பு இங்கே கூழைத் தொட்டுவிடக்கூடும். அன்றைக்கே மருத்துவரிடம் போனால், கூழின் மேற்பகுதியை மட்டும் நீக்கி, மருந்து வைத்து மூடி, பல்லை அதன் காலம் வரை காப்பாற்ற வாய்ப்பு உண்டு. நாள் கடந்தால் சீழ் பிடிக்கும், பிறகு பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லாமலும் போகலாம்.

உடைப்பைவிட நான் அதிகம் அஞ்சுவது பல் இடம் மாறியிருப்பதை. பாதிப் பல் உடைந்துவிட்டது என்று தூக்கிவரப்படும் குழந்தைகளில் சிலருக்குப் பல் உடைந்தே இருக்காது. மோதிய வேகத்தில் ஈறுக்குள் ஏறிக் குட்டையாகத் தெரியும். இதை வீட்டில் யாரும் இழுத்துப் பார்க்கக் கூடாது. பல் உள்நோக்கி மடங்கி, வாயை மூடும்போது கீழ்ப்பல்லில் இடித்தாலும் உடனே காட்ட வேண்டும். நிரந்தர முன்பல்லின் தலைப்பகுதி, குழந்தைக்கு 3 அல்லது 4 மாதம் ஆகும்போதே எலும்புக்குள் உருவாகத் தொடங்கி, 4 அல்லது 5 வயதில்தான் முழுமையடைகிறது. அது உட்கார்ந்திருப்பது பால் பல்லின் வேரை ஒட்டி, அண்ணத்தின் பக்கமாக. ஓரம் மட்டும் சிதறிய அடி அதுவரை போவது அரிது. பல்லையே உள்ளே தள்ளிய அடி போகக்கூடும். போனால், ஏழு வயதில் முளைக்கும் புதுப் பல்லில் வெள்ளை அல்லது பழுப்புத் திட்டாகவோ குழிந்த எனாமலாகவோ அது வெளிப்படும். ‘எப்படியும் விழுந்துவிடும்’ என்ற பதில் இந்தப் பின்னிருக்கைக்காரரை மறந்துவிடுகிறது.

முழுப் பல்லுமே கழன்று விழுந்தால் அதைத் திரும்பப் பொருத்தக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. பொருத்த முயலும் அழுத்தம் உள்ளிருக்கும் பல்லைக் காயப்படுத்தலாம். பல் காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பால் பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது என்றே சொல்கிறது. வேரைத் தொடாமல் எடுத்துக் குழியில் பொருத்துவது, முடியாவிட்டால் பாலில் இட்டு மருத்துவரிடம் ஓடுவது ஆகிய யாவும் நிரந்தரப் பல்லுக்கு உரியவை. தங்கள் கட்டக் குறிப்பு அந்த வகையில் சரியானதே, யாருடைய பல்லுக்கு என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும்.

உடைந்த துண்டு கிடைக்கவில்லை என்றால் தேடுங்கள். தரையில் இல்லாதது வீங்கிய உதட்டுக்குள் புதைந்திருக்கலாம். குழந்தை விடாமல் இருமினாலோ, மூச்சில் இரைச்சல் கேட்டாலோ அது மூச்சுக்குழலுக்குள் போயிருக்கலாம். அப்போது போக வேண்டியது பல் மருத்துவரிடம் அல்ல, மருத்துவமனைக்கு. நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கத்துக்கு மாறான மயக்கத் தூக்கம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அவ்வாறே. பல் காத்திருக்கலாம், தலைக்காயம் காத்திருக்காது.

வலிக்கு, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதுமானது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ஈறில் தடவும் மரப்பு ஜெல்களில் உள்ள பென்சோகெயின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குலைக்கக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அதைப் பயன்படுத்த வேண்டாமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. கிராம்பு எண்ணெயும் மென்மையான ஈறைப் பொசுக்கிவிடும். ஓரிரு வாரம் மென்மையான உணவு, சூப்பானை இயன்றவரை விலக்கிவைப்பது, மெல்லிய பிரஷ்ஷால் தவறாமல் பல் துலக்குவது ஆகியவை எந்தத் தைலத்தையும்விட உதவும். வலிக்குமோ என்று பயந்து துலக்குவதை நிறுத்துவதுதான் பலரும் செய்வது, ஈறு ஆறாமல் போவதும் பெரும்பாலும் அதனால்தான்.

சில வாரங்கள் கழித்துப் பல் சாம்பல் நிறமானால் மீண்டும் பதற்றம் வரும். நிறம் மாறியது மட்டுமே சிகிச்சைக்குக் காரணம் ஆகாது. அப்படியே விழும் காலம் வரை தொல்லையின்றி இருக்கும் பற்கள் ஏராளம். அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் பரு போன்ற கொப்புளமோ வீக்கமோ தோன்றினால் அது வேறு கதை, காட்டியாக வேண்டும். சொல்லும்படியான அடி எதுவும் படாமலே பல் உதிர்ந்து பொடிந்தால் அது சொத்தையாக இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

இத்தனைச் சிறிய குழந்தை பல் மருத்துவரின் நாற்காலியில் உட்காருமா என்று தயங்குகிறார்கள். உட்கார வேண்டியதே இல்லை. தாயும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே அமர்ந்து, தாயின் முகம் தெரியும்படி குழந்தையை மடியில் சாய்த்து, தலை மட்டும் மருத்துவரின் மடியில் வரும்படி கிடத்துவார்கள். குழந்தை வீறிட்டு அழும். அழும் வாய் நன்றாகத் திறந்திருப்பதால் எங்களுக்கு அது வசதியே. சில நொடிகளில் பார்த்து முடித்துவிடலாம்.

மேற்சொன்ன பதிலுக்கு ஒரு திருத்தத்தையும், முதலுதவிக் கட்டத்தில் ‘நிரந்தரப் பல்லுக்கு மட்டும்’ என்ற சொற்களையும் அடுத்த வாரப் பகுதியிலேயே சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
குழந்தைகள் பல் மருத்துவர், தங்கள் நாளிதழின் வாசகி