‘இக்கவிதை கூறும் நீதி என்ன?’ – வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி ஆங்கிலப் பாடநூல்களைத் தொகுப்போருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் வணக்கம்.

மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் ஆங்கிலம் படிக்க என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். போன மாதம் அவர்களில் ஒரு சிறுமி தன் விடைத்தாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். எரியும் கப்பலில் தந்தையின் சொல்லுக்காகக் காத்து நிற்கும் ஒரு சிறுவனைப் பற்றி ஆங்கிலக் கவிஞர் ஃபெலிசியா ஹேமன்ஸ் எழுதிய ‘காசாபியாங்கா’ கவிதையிலிருந்து ஒரு கேள்வி: ‘இக்கவிதை கூறும் நீதி என்ன?’ இரண்டு மதிப்பெண். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவள் எழுதியிருந்தாள்: ‘அப்பா இறந்துவிட்டார் என்று அவனிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.’ அதன் மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு. பக்கத்தில், ‘பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும்’ என்ற திருத்தம்.

“இது ஏன் தப்பு, தாத்தா?” என்று கேட்டாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் வயதில் நான் அந்தச் ‘சரியான’ வரியைத்தான் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அந்தப் பையனுக்காக ஒரு நொடிகூட வருந்தியதில்லை. திருத்திய ஆசிரியர் மேல் எனக்குக் கோபமில்லை; விடைக்குறிப்பில் உள்ளதைத்தான் அவர் பார்த்தார். கேள்வியும் விடைக்குறிப்பும் உங்களுடையவை. அதனால்தான் மடலும் உங்களுக்கு.

அன்று இரவு அந்தக் கவிதையை நெடுநாள் கழித்து வாய்விட்டுப் படித்தேன். 1798 ஆகஸ்டில் நடந்த நைல் கடற்போரில் தீப்பற்றி வெடித்துச் சிதறிய பிரெஞ்சுக் கப்பல் அது. எல்லோரும் ஓடிவிட்ட தளத்தில் தளபதியின் மகன் மட்டும் நிற்கிறான். அவனுக்கு ஏறக்குறையப் பதின்மூன்று வயது என்று ஹேமன்ஸ் குறிப்பு எழுதியிருக்கிறார். தந்தை கீழே சாவின் பிடியில் நினைவற்றுக் கிடக்கிறார். பையனுக்கு அது தெரியாது. அவன் மூன்று முறை குரல் கொடுக்கிறான். முதல் முறை, ‘என் வேலை முடிந்ததா, சொல்லுங்கள் அப்பா’ என்கிறான். இரண்டாம் முறை, ‘இப்போதாவது நான் போகலாமா’ என்கிறான். மூன்றாம் முறை கேட்கும்போது தீ அவன் தலைமுடிவரை வந்துவிட்டது: ‘அப்பா, நான் இங்கேயே இருக்கத்தான் வேண்டுமா?’

முடிந்ததா, போகலாமா, இருக்கத்தான் வேண்டுமா. இந்த மூன்று கேள்விகளுக்கும் இடையே ஒரு குழந்தையின் நம்பிக்கை படிப்படியாக இறங்குவதை ஐந்து பிள்ளைகளைக் கணவர் துணையின்றி வளர்த்த ஒரு தாய் 1826-இல் எழுதியிருக்கிறார். கடைசி அடிகளில் அந்த இளம் உள்ளத்தின் பற்றுறுதியை அவர் போற்றுகிறார் என்பது உண்மை. நான் அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால், ‘பையன் எங்கே?’ என்று கேட்டுவிட்டு, ‘காற்றிடம் கேளுங்கள்’ என்றும் சொல்கிறார். கீழ்ப்படிதல் மட்டும்தான் பாடம் என்றால், ‘தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை’ என்று கொன்றை வேந்தன் ஒரே வரியில் சொல்லிவிட்டது. அதற்கு ஒரு கப்பல் எரிய வேண்டியதில்லை. அந்தச் சிறுமிக்குப் பையனின் அழைப்பு கேட்டிருக்கிறது. நமக்குத்தான் கேட்கவில்லை.

இன்னோர் ஆங்கிலக் கவிஞரான வில்லியம் பிளேக்கின் ‘புகைபோக்கி துடைப்பவன்’ கவிதையில், நீதி என்ன என்ற இந்தக் கேள்வி இன்னும் பெரிய தீங்கு செய்கிறது. 1789-இல் வந்த கவிதை. தாய் இறந்துவிட, வேலை கேட்டு ‘ஸ்வீப்’ (துடைப்பவன்) என்று கூவக்கூட நாக்குத் திரும்பாத வயதில், புகைபோக்கி துடைக்கத் தகப்பன் விற்றுவிட்ட பிள்ளை பேசுகிறான். அவன் மழலையில் அது ‘வீப்’ என்று வருகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ‘அழு’ என்று பொருள். கரி படியாதிருக்கத் தலையை மழித்த டாம் என்ற இன்னொரு சிறுவன், கறுப்புச் சவப்பெட்டிகளில் பூட்டப்பட்ட தன் தோழர்களை ஒரு தேவதை திறந்துவிடுவதாகக் கனவு காண்கிறான். கனவு கலைகிறது. இருட்டிலேயே எழுந்து பையும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு மறுபடி வேலைக்குப் போகிறார்கள். கடைசி வரி: ‘எல்லோரும் தம் கடமையைச் செய்தால் தீங்குக்கு அஞ்ச வேண்டாம்.’

இந்த வரியைத்தான் உரைநூல்கள் நீதி என்று அச்சிடுகின்றன. அது யாருடைய வாசகம் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளைப் புகைபோக்கிக்குள் ஏற்றியவர்கள் சொல்லிக்கொடுத்த வாசகம். அதை ஒரு குழந்தை அப்படியே நம்பி ஒப்பிக்கும்போதுதான் நம் நெஞ்சு அடைக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே தலைப்பில் பிளேக் எழுதிய இன்னொரு கவிதையில் வரும் பிள்ளை, தன் துன்பத்திலிருந்து தங்களுக்கு ஒரு சொர்க்கம் கட்டிக்கொள்பவர்கள் என்று கடவுளையும் குருவையும் அரசனையும் பற்றிச் சொல்கிறான். இங்கிலாந்தில் பிள்ளைகளைப் புகைபோக்கிக்குள் ஏற்றும் வழக்கத்துக்கு 1875-இல் வந்த சட்டம்தான் முடிவு கட்டியது. அந்தக் கடைசி வரியை நீதியாக மனப்பாடம் செய்யும் மாணவன், தன்னை அறியாமலே முதலாளியின் பக்கம் போய் நின்றுவிடுகிறான்.

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜிடம் அன்னா பார்பால்ட் என்ற இன்னொரு கவிஞர், அவர் எழுதிய ‘முதிய மாலுமியின் பாடலில்’ நீதி இல்லையே என்று குறைப்பட்டாராம். நீதி மிகையாக இருப்பதுதான் அதன் குறை என்று கோல்ரிட்ஜ் சொன்னார். எனக்கு அந்தப் பாட்டில் ஓர் இடம் போதும். காரணமே இல்லாமல் ஒரு பறவையைக் கொன்றவன், தோழர்கள் எல்லோரும் மாண்ட கப்பலில் தனியே கிடந்து, நிலா வெளிச்சத்தில் நீர்ப்பாம்புகள் நெளிவதைப் பார்க்கிறான். தன்னை அறியாமல் அவற்றை வாழ்த்திவிடுகிறான். கழுத்தில் கட்டியிருந்த பறவை நழுவிக் கடலில் விழுகிறது. இதைப் படித்த வாரத்தில் ஒருநாள், முற்றத்தில் கண்ட பூரானை அடிக்க ஓங்கிய செருப்பைக் கீழே போட்டேன். உயிர்களிடம் அன்பு காட்டு என்று எத்தனையோ பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் கை தாழவில்லை.

நீதி வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. திருத்துவதற்கு ஒரு விடைக்குறிப்பு தேவை என்பதும் புரிகிறது. அடுத்த தேர்வில் இந்தக் கேள்வியை எடுத்துவிட்டு இப்படிக் கேளுங்கள்: ‘பையன் எத்தனை முறை தந்தையை அழைக்கிறான்? ஒவ்வொரு முறையும் அவன் கேட்பது எப்படி மாறுகிறது?’ இதற்குத் திட்டமான விடை உண்டு, மதிப்பெண்ணும் போடலாம். அதன் கீழே நான்கு வரி இடம் விட்டு, ‘உனக்கு என்ன தோன்றியது?’ என்று கேளுங்கள். அந்த நான்கு வரிகளில் சிவப்பு மை படக்கூடாது என்று விடைக்குறிப்பில் எழுதிவிடுங்கள்.

அந்தச் சிறுமி நாளை மறுபடி வருவாள். அவள் விடைத்தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பாடநூல்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் ஒருவன்.