ரிச்சி தெருவில் பார்த்த அண்ணனுக்கு

அம்மாச்சி பாடின நடவுப் பாட்டு ஏழு, நான் புல்லாங்குழலில் போட்ட மெட்டு மூணு. வீட்டிலேயே பதிஞ்சேன். எதைக் கேட்டாலும் பின்னாடி ‘ம்ம்ம்’னு ஒரே இரைச்சல். மைக்கை மாத்தலாம்னு ரிச்சி தெருவுக்குப் போனேன். கடையில் கேபிள் வாங்க நின்ன நீங்க, என் ஹெட்போனை வாங்கிக் காதில் வெச்சீங்க.

“இது கரண்டு இரைச்சல் தம்பி, 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில ரெக்கார்டு பண்ணுங்க. பீரோவைத் திறந்து, துணிக்கு முன்னாடி பாட்டியை உக்கார வைங்க, எதிரொலி அடங்கும். புது மைக்கெல்லாம் வேண்டாம்.”

கடைக்காரர் முறைச்சார், பாவம்!

அன்னிக்கு ராத்திரியே செஞ்சேன். இரைச்சல் போச்சு. குலவை போடறதுக்கு முன்னாடி அம்மாச்சி மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது. பேர் கேக்க மறந்துட்டேன் அண்ணே. ரொம்ப நன்றி.