அந்த 19 ரன் எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம்ம ஊர் கிரிக்கெட் வீரர் டி.இ. ஸ்ரீனிவாசன் இந்த 2010 டிசம்பர் 6-ஆம் தேதி காலமானார். மறுநாள் தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில், கீழே இடது மூலையில், டயர் விளம்பரத்துக்கு மேலே பதினோரு வரி போட்டிருந்தீர்கள். போட்டதற்கு நன்றி. அதில் ஒரு வரி, 'இந்தியாவுக்காக ஒரே ஒரு டெஸ்டில் தலைகாட்டியவர்' என்று இருந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். தலைகாட்டிவிட்டு வர அவர் என்ன கல்யாண ரிசப்ஷனுக்கா போனார்?

ஆக்லாந்து, 1981 மார்ச். நியூசிலாந்துக்கு எதிரே மூன்றாவது டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 29, இரண்டாவதில் 19. தங்கள் செய்தியில் 29 இருக்கிறது, 19-ஐக் காணோம். இதற்கு என்ன ஆதாரம் என்று தங்கள் உதவி ஆசிரியர் யாராவது கேட்கக்கூடும். ஆதாரம் தங்கள் பத்திரிகைதான் ஐயா. அந்த ஸ்கோர்போர்டை வெட்டி, மைதாப் பசை போட்டு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். பசை தடவிய இடமெல்லாம் பழுப்பேறி, உதிரிகள் கணக்கைப் பூச்சி தின்றுவிட்டது. டி.இ. மட்டும் பத்திரமாக இருக்கிறார். அந்தக் காலத்தில் தங்கள் பத்திரிகை இரண்டு இன்னிங்ஸையும் போடும்.

கவாஸ்கர் தலைமையில் போன அந்த அணியில் விஸ்வநாத், வெங்சர்க்கார், சந்தீப் பாட்டில், யஷ்பால் சர்மா என்று நடுவரிசை எப்படி அடைத்துக்கொண்டு நின்றது என்பது தாங்கள் அறியாததல்ல. அதில் நுழைய டி.இ.க்கு முப்பது வயதாயிற்று. அதே முப்பதில் கதவையும் சாத்திவிட்டார்கள். 29-ம் 19-ம் பெரிய ஸ்கோர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு டெஸ்டைப் பார்க்கக்கூடாத அளவுக்குச் சின்ன ஸ்கோரா?

அப்புறம் அந்த லில்லி கதை. ஆஸ்திரேலியாவில் இறங்கியதும், 'டென்னிஸ் லில்லியிடம் சொல்லுங்கள், டி.இ. வந்துவிட்டான் என்று' எனச் சொன்னாராம். ஊரெல்லாம் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிச் சிரித்த கதை. அதைத் தங்கள் நிருபர் 'வாய்ச்சவடால்' என்கிறார். சவடாலுக்கும் நையாண்டிக்கும் வித்தியாசம் தெரிய மெட்ராஸில் கொஞ்ச நாளாவது குப்பை கொட்டியிருக்க வேண்டும். தன்னையே கிண்டல் செய்துகொண்டு, அதே மூச்சில் உலகத்தின் பயங்கரமான பவுலரையும் ஒரு இழுப்பு இழுக்கிற பேச்சு அது. லீக் மேட்ச் நடக்கும் எந்தக் கூடாரத்தின் நிழலிலும் அந்தப் பேச்சைக் கேட்கலாம்.

கூடாரத்து நிழலைப் பற்றி எனக்குச் சொல்ல உரிமை உண்டு. எங்கள் ஆபீஸ் டீம் மூன்றாம் டிவிஷனில் ஆடியது. எனக்கு ஆட வராது, அதனால் ஸ்கோரர். ஞாயிறு காலையில் பிட்சின் மேல் பாயை (மேட்) விரித்து ஆணி அடிப்பதில் ஆரம்பித்து, சாயங்காலம் இரண்டு ஸ்கோர் புக்கையும் ஒத்துப்பார்த்து, அரை ரன் பிசகாமல் கையெழுத்து வாங்குகிற வரை என் வேலை. அப்படிப்பட்டவனுக்குப் பத்தொன்பது ரன் தொலைந்தால் தூக்கம் வருமா? எங்கள் மேட்ச் இல்லாத நாளில் டி.இ. ஆடுகிற இடத்துக்கு சைக்கிளை மிதிப்பேன். வேகப்பந்து எகிறி வந்தால் மற்றவர்கள் தலையை ஒதுக்குவார்கள், இவர் மட்டையைத் தூக்குவார். சில நாள் சீக்கிரமே அவுட் ஆகிவிடுவார். சரி, அதற்கும் தயாராகத்தான் போனோம்.

முதல்தரப் போட்டிகள் 78, ஏறத்தாழ 3,500 ரன், ஐந்து சதம். ரஞ்சி, துலீப் என்று உள்நாட்டுக் கோப்பை ஆட்டங்களில் வெயிலில் நின்று எடுத்தவை. தங்கள் பதினோரு வரியில் இதற்கு இடமில்லை. டெஸ்டை எண்ணித்தான் ஆளை அளப்பது என்றால் சுழற்பந்து வீசிய ராஜிந்தர் கோயலும் பத்மாகர் ஷிவால்கரும் யார்? இரண்டு பேரும் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அந்த ஷிவால்கர்தான் 1972-73 ரஞ்சி இறுதிப் போட்டியில், இதே சேப்பாக்கத்தில், பம்பாய்க்காக 16 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்து நம் தமிழ்நாட்டை 80-க்குச் சுருட்டினார். இரண்டாவது இன்னிங்ஸில் 61. நான் ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் போய் உட்காருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. மிச்ச லீவை என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வெள்ளையடித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டி.இ. போய் நாலே நாளில், 10-ஆம் தேதி, சேப்பாக்கத்தில் ஒருநாள் ஆட்டம். எதிரணி எது? நியூசிலாந்து. அவர் டெஸ்ட் ஆடிய ஒரே நாடு. 103-க்கு அவர்கள் ஆல் அவுட் ஆனதற்குத் தாங்கள் முழுப்பக்கம் கொடுத்தீர்கள், கேலரியில் முகத்தில் வண்ணம் பூசிய பையனின் படம் உட்பட. இந்த ஊர் ஆள் ஒருவர் இதே நியூசிலாந்துடன் ஆடினார், இந்த வாரம்தான் போனார் என்று ஒரு வரி? தேடித் தேடிப் பார்த்தேன். மார்கழி சபா கேண்டீனில் எந்தத் தோசை மொறுமொறுப்பு என்று எழுத மட்டும் தினமும் கால் பக்கம் கிடைக்கிறது. ஐ.பி.எல். ஏலம் நெருங்குகிறது, இனி அந்தக் கால் பக்கமும் போய்விடும்.

லீக் ஸ்கோர்களைத் திங்கள்கிழமை போடுவதை நிறுத்தியபோது எழுதினேன். ரஞ்சி ஸ்கோர் பொடி எழுத்தாகச் சுருங்கியபோது, பூதக்கண்ணாடி வாங்கிய ரசீதையும் இணைத்து எழுதினேன். இரண்டும் பிரசுரமாகவில்லை. இடநெருக்கடி, எனக்குப் புரிகிறது.

இப்போது பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 'திருத்தம்' என்று தாங்கள் எப்போதாவது போடும் பெட்டியில், 'டி.இ. ஸ்ரீனிவாசன் ஆக்லாந்து டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் 19 ரன் எடுத்தார்' என்று போட்டால் போதும். ஒரே வரிதான். டயர் விளம்பரத்துக்குக் கீழே போட்டாலும் சரி.

ஸ்கோர்போர்டின் ஜெராக்ஸ் நகல் இணைத்துள்ளேன், 19-ஐப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். மூலத்தை அனுப்பச் சொல்ல வேண்டாம். பல வருஷத்துக்கு முன் தங்கள் அலுவலகம் கேட்டு அனுப்பிய எங்கள் டீம் குரூப் போட்டோ இன்னும் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
பழைய ஸ்கோரர் ஒருவன்,
திருவல்லிக்கேணி, சென்னை.